விலைப்புள்ளியும் நிராகரிப்பும்: ஆங்கிலேயர் கால ரயில்வேத் தளவாட ஒப்பந்தங்கள்

இந்திய ரயில்வேயின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் பாதைகளையும் பாலங்களையும் பற்றி விரிவாக எழுதினார்கள். அவற்றுக்குப் பணம் போட்ட லண்டன் முதலாளிகளைப் பற்றியும் எழுதினார்கள். பெரம்பூரிலும் ஜமால்பூரிலும் பரேலிலும் அஜ்மீரிலும் இருந்த பெரிய தொழிற்கூடங்களின் பண்டகசாலைகளுக்குள் ஆண்டு தவறாமல் போய்க்கொண்டிருந்த தேக்கும் வார்ப்பிரும்பும் நிலக்கரியும் விளக்கெண்ணெயும் எந்த நிபந்தனைகளின் பேரில் வாங்கப்பட்டன, விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் மனஸ்தாபம் நேர்ந்தபோது அது எப்படித் தீர்ந்தது என்ற கேள்வி மட்டும், கோர்ட்டுத் தீர்ப்புத் திரட்டுகளிலும் விசாரணைக் கமிட்டிகளின் சாட்சியங்களிலும் சிதறிக் கிடக்கிறது. அவ்வாறு சிதறிக் கிடப்பவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பார்த்தவுடன் தோன்றுவது, இவ்விவகாரங்கள் எல்லாம் விலையைப் பற்றியவை, அல்லது தாமதத்தைப் பற்றியவை என்பதே. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை ஆராயுமிடத்து, விலையில் ஒத்துப்போன இரு தரப்பாரும்கூட, வந்து சேர்ந்த பொருள் ஒப்பந்தப்படியான பொருள்தானா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உரியது, அந்தப் பரிசோதனை எந்த ஊரில் நடைபெறவேண்டும் என்பதிலேயே பிணங்கினார்கள் என்பது புலனாகிறது. வாங்குபவனே அளப்பவனாகவும், அளப்பவனே தீர்ப்புச் சொல்பவனாகவும், தீர்ப்புச் சொல்பவனே பணம் கொடுப்பவனாகவும் இருந்த ஓர் ஏற்பாட்டில், விற்பவனுக்கு எஞ்சியிருந்த பிடிமானம் என்ன என்பதுதான் இந்த விஷயத்தின் மையம்.

உத்தரவாதமும் இரட்டை மேற்பார்வையும்

1849-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, ஈஸ்ட் இண்டியன் ரயில்வேயோடும் கிரேட் இண்டியன் பெனின்சுலா ரயில்வேயோடும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில், போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டிக்கு இந்திய வருமானத்திலிருந்து உத்தரவாதம் அளிக்கப்பட்டது. ரூபாயும் ஸ்டெர்லிங்கும் மாற்றிக் கணக்கிடும்போது ரூபாய் ஒன்றுக்கு 22 பென்ஸ் என்று விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. நஷ்டம் வந்தால் சர்க்கார் பொறுப்பு, லாபம் வந்தால் கம்பெனிக்குப் பங்கு என்ற இந்த ஏற்பாட்டின் கீழ் சிக்கனம் பார்க்கக் கம்பெனிக்குத் தூண்டுதல் எதுவும் இருக்கவில்லை. முன்னாளில் இந்திய நிதி மந்திரியாயிருந்த வில்லியம் மாஸி, 1872-இல் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சியம் அளித்தபோது, வட்டி நிச்சயமாகிவிட்ட முதலாளிக்குத் தன் பணம் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறினால் என்ன, ஹூக்ளி நதியில் கொட்டப்பட்டால் என்ன, இரண்டும் ஒன்றே என்ற கருத்துப்படக் கூறியது பிற்காலத்தில் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது.

இந்தத் தாராளத்துக்குக் கடிவாளமாக, ஒவ்வொரு ராஜதானியிலும் சர்க்காரின் ஆலோசக எஞ்சினியர் ஒருவர் நியமிக்கப்பட்டு, கம்பெனியின் செலவுகள் அவர் சம்மதத்துக்கு உட்படுத்தப்பட்டன. கம்பெனியின் எஞ்சினியர் ஒப்புக்கொண்டதைச் சர்க்கார் எஞ்சினியர் ஆட்சேபிக்கலாம். அவர் ஒப்புக்கொண்டதை லண்டன் டைரக்டர்கள் மாற்றலாம். சரக்கை இறக்கிவிட்டுப் பட்டியலைக் கொடுத்த கண்டிராக்டருக்கு இரண்டு எஜமானர்கள் இருந்தார்கள் என்றால் மிகையாகாது. பட்டியல் செல்லுபடியாவதற்கு இருவருடைய கையெழுத்தும் தேவைப்பட, அது நிறுத்திவைக்கப்படுவதற்கு ஒருவருடைய ஆட்சேபமே போதுமாயிருந்தது.

நிர்மாண காலத்துக் கண்டிராக்டர்கள்

ஆரம்ப காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயக் கண்டிராக்டர்களின் அனுபவம் இவ்வகையில் படிப்பினை நிறைந்தது. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே 1853 ஏப்ரலில் திறக்கப்பட்ட பாதையைக் கட்டிய வில்லியம் பேவியல் என்பவரே பின்னர் போர் காட் மலைச்சரிவுப் பாதைக்கும் ஒப்பந்தம் எடுத்தார். பாறையின் கடினமும் மழைக்காலமும் வாந்திபேதியும் அவருடைய மதிப்பீடுகளைப் பொய்யாக்கின. 1859-இன் தொடக்கத்தில் கூலி விவகாரத்தில் தொழிலாளர் கலகம் மூண்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்து அதை ஏற்ற சாலமன் டிரெட்வெல் இந்தியாவில் இறங்கிய சில வாரங்களிலேயே காலமாக, அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைத் தம் பெயரில் நடத்தி, தேர்ந்த எஞ்சினியர்களைக் கொண்டு 1863-இல் பணி நிறைவேறச் செய்தார். கண்டிராக்டர் இறந்தாலும் ஒப்பந்தம் இறக்காது என்ற சட்டத் தத்துவத்துக்கு இதைவிடக் கண்கூடான உதாரணம் கிடைப்பதரிது.

இதே மலைச்சரிவில் மாவ்கி மல்லி என்ற இடத்துக் கற்பாலம் 1867-இல் இடிந்து விழுந்தபோது, கட்டுமானப் பொருளின் தரம் பற்றிய கேள்வி பகிரங்கமாயிற்று. சுண்ணாம்பு சரியில்லையா, கல் சரியில்லையா, கட்டியவன் குற்றமா, மேற்பார்வையிட்டு ‘சரி’ என்று எழுதிக் கொடுத்தவன் குற்றமா? வேலை நடக்கும்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட பொருளுக்கு, ஆண்டுகள் கழிந்தபின் யார் பதில் சொல்வது என்பது பிற்கால ஒப்பந்தங்கள் அனைத்திலும் தனி ஷரத்தாக இடம்பெறவேண்டி வந்தது.

வங்காளத்தில் வேறு விதமான இடையூறுகள். 1855-இல் சந்தாலர் கிளர்ச்சியும், 1857-இல் சிப்பாய்களின் எழுச்சியும் வேலைத்தலங்களைக் கலைத்தன. செங்கலுக்கும் கூலிக்கும் விலை ஏறியதால் பழைய விகிதத்துக்கு ஒப்புக்கொண்ட கண்டிராக்டர்கள் முறிந்தார்கள். பல இடங்களில் கம்பெனி தானே நேராகப் பணியை மேற்கொண்டது. கடல்வழியும் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. ஈஸ்ட் இண்டியன் ரயில்வேக்கென அனுப்பப்பட்ட வண்டிகளோடு ‘குட்வின்’ என்ற கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்தில் மூழ்கிவிடவே, 1854 ஆகஸ்டில் ஹௌராவிலிருந்து ஓடவேண்டிய ரயிலுக்குக் கல்கத்தாவின் வண்டிப் பட்டறைகளிலேயே பெட்டிகள் செய்விக்கப்பட்டன. உள்ளூர்ப் பட்டறைக்கு அந்த வாய்ப்பு தகுதியை ஆராய்ந்து அளிக்கப்பட்டதன்று; கப்பல் மூழ்கியதால் நேர்ந்தது. கப்பல்கள் பத்திரமாக வந்துசேரத் தொடங்கியதும் அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

ஸ்லீப்பர் கட்டையும் முத்திரைச் சுத்தியலும்

தளவாடங்களில் மிகுதியாக வழக்குக்கு இடம் தந்தது மரம். சென்னை ரயில்வே 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பாதை திறந்தது முதலே ஸ்லீப்பர் கட்டைக்கு அலைந்தது. நாட்டு மரங்கள் பலவற்றைப் போட்டுப் பார்த்ததில், வெயிலிலும் மழையிலும் கறையானிலும் சில ஆண்டுகளுக்குள் உளுத்துப்போனவை ஏராளம். அதே 1856-இல் சென்னை ராஜதானியின் வனப் பாதுகாப்பு அதிகாரியாக நியமிக்கப்பட்ட ஹ்யூ கிளெக்ஹார்ன், ரயில்வேயின் தேவை காடுகளை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதை இடைவிடாமல் எடுத்துச் சொன்னார். பால்டிக் பகுதிப் பைன் மரத்தை எண்ணெய் ஊட்டிக் கப்பலேற்றி வருவதும், வார்ப்பிரும்புக் கிண்ணங்களை ஸ்லீப்பராக இடுவதும் இந்த நெருக்கடியில் பிறந்த உபாயங்கள். வடக்கே இமாலயத்தில் டெஹ்ரி கர்வால் ராஜாவிடமிருந்து காட்டுக் குத்தகை பெற்ற பிரெடரிக் வில்சன் என்ற ஆங்கிலேயர், தேவதாரு மரங்களை வெட்டி பாகீரதி நதியில் மிதக்கவிட்டு சமவெளிக்கு அனுப்பிப் பெருஞ்செல்வர் ஆனார்.

ஒரு கட்டை எவ்வாறு ‘பாஸ்’ ஆயிற்று என்பதைச் சற்று அருகிருந்து பார்ப்போம். அகலப் பாதைக்குரிய கட்டைக்கு நீளம் ஒன்பது அடி, அகலம் பத்து அங்குலம், கனம் ஐந்து அங்குலம். டிப்போவில் அடுக்கிவைத்த கட்டைகளை அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார்: வைரம் பாய்ந்திருக்கிறதா, ஓரத்தில் வெள்ளை ஓடியிருக்கிறதா, நடுவில் வெடிப்பு உண்டா, முடிச்சு தண்டவாளம் அமரும் இடத்தில் வருகிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா என்று. தேறிய கட்டையின் வெட்டுமுகத்தில் ரயில்வேயின் எழுத்துப் பொறித்த சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. அந்த முத்திரை விழுந்த நொடியில் கட்டையின் சொத்துரிமை கைமாறுகிறது. முத்திரை விழாத கட்டை கண்டிராக்டரின் தலையில். ஒன்பது அடியில் அறுத்துவிட்ட கட்டையை வேறு யாரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார்கள். விறகாகத் தள்ளிவிடவேண்டும், அல்லது அடுத்த தவணைக் கட்டைகளோடு கலந்து மறுபடியும் நீட்டிப் பார்க்கவேண்டும். ஆகவே ஒரு பக்கத்தில் நிராகரித்த சரக்கைத் திரும்ப நுழைக்கும் தந்திரமும், மறுபக்கத்தில் முத்திரைச் சுத்தியலைக் கையில் வைத்திருப்பவனின் தயவைத் தேடும் நிர்ப்பந்தமும் இம்முறையின் உள்ளேயே பிறந்தவை. தனி மனிதர்களின் ஒழுக்கக் குறைவு என்று மட்டும் இவற்றைச் சொல்லிவிட்டால் விஷயம் விளங்காது. ஆற்றில் மிதந்து கரையொதுங்கிய மரம் யாருடையது என்ற தகராறு எவ்வளவு மலிந்திருந்தது என்பதற்கு, 1878-ஆம் ஆண்டு வனச் சட்டம் அதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியதே சாட்சி.

சென்னைக் கடற்கரையோரத்தில் இன்றும் காணும் சவுக்குத் தோப்புகளுக்கும் இக்கதையில் பங்குண்டு. நிலக்கரிக்கு எட்டாத தொலைவிலிருந்த சென்னை ரயில்வேயின் எஞ்சின்கள் நெடுங்காலம் விறகையே எரித்தன. செங்கற்பட்டு, நெல்லூர்ப் பகுதி மணற்பாங்கில் சவுக்கு பயிரிடப்பட்டதற்கு அந்த விறகுத் தேவை ஒரு முக்கிய காரணம். பச்சை விறகுக்கும் உலர்ந்த விறகுக்கும் நிறையில் உள்ள வித்தியாசம் யார் கணக்கில் ஏறுவது என்ற கேள்வி விறகு வியாபாரம் எங்குண்டோ அங்கெல்லாம் உண்டு. எடைத்தராசு ரயில்வேயிடம் இருந்தவரையில் அதற்கு விடையும் ரயில்வேயிடமே இருந்தது.

நிலக்கரி: மூன்று வேடம் பூண்ட வாடிக்கைக்காரன்

நிலக்கரியில் ரயில்வேயின் நிலை இன்னும் விசித்திரமானது. ராணிகஞ்சு, ஜரியா வயல்களின் சுரங்கக்காரர்களுக்கு ரயில்வேதான் மிகப் பெரிய வாடிக்கைக்காரன். அவர்கள் கரியைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் வாகனமும் ரயில்வேயே. கிரிடியில் ஈஸ்ட் இண்டியன் ரயில்வேக்குச் சொந்தச் சுரங்கங்கள் இருந்தபடியால் அது போட்டிக்காரனும் ஆயிற்று. விலை படியவில்லையென்றால் வாங்க மறுக்கலாம். சொந்தக் கரியைக் கொண்டு சமாளிக்கலாம். வேகன் ஒதுக்கீட்டில் தாமதம் நேர்ந்தாலோ சுரங்கத்தின் வாயிலில் கரி மலைபோல் குவிந்து கிடக்கும். இத்தகைய வாடிக்கைக்காரனிடம் சாம்பல் மிகுதி, கல் கலப்பு என்று சொல்லிக் கழித்த தொகைக்காக வழக்காடத் துணிபவர் எத்தனை பேர்?

ஆயினும் குற்றம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததென்று கொள்வதற்கில்லை. முதல் உலகப் போருக்குப் பின் இந்தியக் கரியின் தரம் நிலையற்றது என்ற அபகீர்த்தி பரவி, பம்பாய்ச் சந்தையில் தென்னாப்பிரிக்கக் கரி வந்து அமர்ந்தது. அதன்பேரில் அமைக்கப்பட்ட இந்திய நிலக்கரிக் கமிட்டியின் சிபாரிசைத் தொடர்ந்து, 1925-இல் நிலக்கரித் தரப்பிரிவு வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. ஏற்றுமதிக் கரிக்கு விற்பவனுமல்லாத வாங்குபவனுமல்லாத மூன்றாவது ஸ்தாபனம் ஒன்று தரச்சான்று வழங்கும் முறை அப்போதுதான் உருப்பெற்றது. அயல்நாட்டு வாடிக்கைக்காரனின் நம்பிக்கையைப் பெறுவதற்காகச் செய்யப்பட்ட இந்தச் சீர்திருத்தம், உள்நாட்டு விற்பனையாளனின் நியாயத்துக்காக அதற்கு முன்பே செய்யப்பட்டிருக்கலாம் என்று தோன்றுவது இயல்பே.

லண்டனில் கொள்முதல், இந்தியாவில் உபயோகம்

இனி இரும்புக்கும் எஞ்சினுக்கும் வருவோம். சர்க்கார் ரயில்வேக்களுக்கு வேண்டிய தளவாடங்கள் பெரும்பாலும் இண்டியா ஆபீஸின் ஸ்டோர்ஸ் இலாகா மூலம் லண்டனில் வாங்கப்பட்டன. கம்பெனி ரயில்வேக்களுக்கு லண்டன் டைரக்டர் சபைகளும் அவற்றின் ஆலோசக எஞ்சினியர்களும் வாங்கினார்கள். டெண்டர் அங்கே, ஸ்டெர்லிங்கில், பரிசோதனை அங்கே, பணப்பட்டுவாடாவும் அங்கே. இந்தியாவில் பட்டறை வைத்திருந்தவன் அந்த டெண்டரின் செய்தியை அறிவதற்குள் அது முடிந்துபோயிருக்கும். ரிப்பன் பிரபுவின் காலத்தில், 1883-இல், உள்நாட்டில் கிடைக்கும் சரக்கை உள்நாட்டிலேயே வாங்க ஊக்கமளிக்கும் தீர்மானம் பிறந்தது. ஆயினும் ‘விலையும் தரமும் சமமாயிருந்தால்’ என்ற நிபந்தனையைப் பொருள் கொள்பவர்கள் பழைய கொள்முதல் அதிகாரிகளே ஆகையால், அதன் பலன் சொற்பமே.

தொழில்துறைக் குழப்பத்தோடு நாணயக் குழப்பமும் சேர்ந்தது. 22 பென்ஸ் என்று 1849-இல் எழுதிய ரூபாய், வெள்ளியின் வீழ்ச்சியால் 1890-களில் 15 பென்ஸுக்கும் கீழே இறங்கிற்று. லண்டனில் வாங்கிய ஒவ்வொரு டன் இரும்பும் இந்தியக் கணக்கில் பாரமாயிற்று. ‘ஹிந்து’ பத்திரிகையை நிறுவியவர்களில் ஒருவரும், 1897-இல் வெல்பி கமிஷன் முன் சாட்சி சொன்னவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர் முதலியோர், ரயில்வேச் செலவு நாட்டிலேயே தொழிலாகத் திரும்பாமல் வெளியே வடிந்துபோவதைக் கண்டித்தது இந்தப் பின்னணியில்தான். ஆங்கிலேய உற்பத்தியாளர்களுக்கும் மனக்குறை இருந்தது என்பது சுவாரசியமான விஷயம். பர்மா ரயில்வேயின் கோக்டெய்க் பாலத்தை ஓர் அமெரிக்க உருக்குக் கம்பெனி டெண்டரில் வென்று 1901-க்குள் கட்டி முடித்தபோது லண்டனில் பெரும் கூச்சல் எழுந்தது. விலை குறைவு, தவணை விரைவு என்ற இரண்டும் சேர்ந்தால் வெளியாருக்கும் கதவு திறக்கும் என்பதை அது காட்டிற்று. ஆனால் அப்படித் திறந்த கதவு பென்சில்வேனியாவை நோக்கியதாக இருந்ததேயன்றி, ஹௌராப் பட்டறைகளை நோக்கியதாக இல்லை.

1916 முதல் 1918 வரை விசாரித்த இந்தியத் தொழில் கமிஷன் இக்கொள்முதல் முறையைக் கண்டித்து, இந்தியாவிலேயே ஒரு கொள்முதல் இலாகா வேண்டுமென்று சொல்ல, 1922-இல் இந்திய ஸ்டோர்ஸ் இலாகா தோன்றியது. ரயில்வேக்கள் அதன் மூலமே வாங்கவேண்டுமென்ற கட்டாயம் இல்லாததால், அதன் மிகப் பெரிய வாடிக்கை அதற்கு வெளியிலேயே நின்றது. ரூபாயில் டெண்டர் கேட்டு இந்தியாவில் சரக்கைப் பெற்றுக்கொள்ளும் கொள்கை 1930-ஐ ஒட்டித்தான் விதியாயிற்று. இதற்கிடையில் சத்தமில்லாமல் நிகழ்ந்த ஒரு மாறுதலே, என் அபிப்பிராயத்தில், இவற்றையெல்லாம்விட முக்கியமானது: 1912-இல் கல்கத்தா அலிப்பூரில் ரயில்வே போர்டின் ஆதரவில் சர்க்கார் பரிசோதனைச் சாலை நிறுவப்பட்டது. உருக்கையும் எண்ணெயையும் சிமெண்டையும் இந்த மண்ணிலேயே சோதித்துச் சொல்ல ஓரிடம் ஏற்பட்ட பிறகுதான், ‘தரமில்லை’ என்ற வார்த்தைக்கு ஆதாரம் கேட்கும் யோக்கியதை உள்நாட்டு விற்பனையாளனுக்கு உண்டாயிற்று.

நியாயஸ்தலங்களில்

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இவ்வழக்குகளுக்கு அடிப்படையாக அமைந்தது. ஆனால் ரயில்வே டெண்டர் என்பது எவ்வகை ஒப்பந்தம் என்ற தெளிவு இங்கிலாந்திலிருந்தே வந்தது. கிரேட் நார்தர்ன் ரயில்வேக்கு ஓராண்டு முழுவதும் பண்டகசாலை அதிகாரி கேட்கும்போதெல்லாம் கேட்ட அளவு இரும்புச் சாமான் கொடுப்பதாக விதம் என்பவர் டெண்டர் கொடுத்து, சில ஆர்டர்களை நிறைவேற்றிவிட்டுப் பின் மறுத்தார். 1873-இல் முடிவான அவ்வழக்கில், கொடுத்துவிட்ட ஆர்டருக்கு அவர் கட்டுப்பட்டவரே என்று தீர்ந்தது. இத்தகைய டெண்டர் நிலையாக நீட்டிவைத்த ஒரு விலைக்கூற்று. ஒவ்வோர் ஆர்டரும் தனித்தனி ஒப்பந்தம். 1899-இல் பெங்கால் கோல் கம்பெனிக்கும் ஹோமி வாடியா கம்பெனிக்கும் நடந்த வழக்கில் பம்பாய் ஹைகோர்ட்டும் இதே வழியில், ஆர்டர் வராத மிச்ச அளவுக்கு விற்பவன் தன் சொல்லைத் திரும்பப் பெறலாம் என்று கொண்டது. இதன் மறுபக்கம் என்னவெனில், வாங்குபவனும் ஒரு டன்கூட வாங்கக் கடமைப்பட்டவனல்லன் என்பதே. ஆண்டுத் தேவையை நம்பி மரம் வாங்கி, ஆள் வைத்து, கடன் பட்டுக் காத்திருந்த சிறு கண்டிராக்டருக்கு, விலகும் உரிமை கிடைத்தது. விற்கும் உரிமை கிடைக்கவில்லை.

வைப்புத்தொகை விஷயத்தில் சென்னையே ஒரு பிரதான உதாரணம் தந்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, முறிவுக்கென முன்கூட்டிக் குறித்த தொகை எதுவாயினும் நியாயமான நஷ்டஈட்டுக்கு மேல் பெறலாகாது என்று கண்டிராக்டருக்கு ஒருவகைக் காப்பு அளித்தது. ஆனால் மணியன் பட்டருக்கும் மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கும் நடந்து, 1906-ஐ ஒட்டிச் சென்னைத் தீர்ப்புத் திரட்டில் வெளியான வழக்கு, ஒப்பந்தம் செவ்வனே நிறைவேறுவதற்கு ஈடாகக் கட்டிய பணத்தைப் பறிமுதல் செய்வதற்கு அந்தப் பிரிவு குறுக்கே நில்லாது என்ற கொள்கைக்கு நெடுங்காலம் மேற்கோளாயிற்று. சுப்ரீம் கோர்ட்டு 1963-இல் 74-ஆம் பிரிவுக்கு விரிந்த பொருள் சொல்லி, 1969-இல் உருளைக்கிழங்குக் கண்டிராக்டர் ஒருவர் யூனியன் சர்க்கார் மீது தொடுத்த வழக்கில் அந்தப் பழைய மேற்கோள் இனி நல்ல சட்டமன்று என்று கூறும்வரை, டெபாசிட் கட்டிய கண்டிராக்டருக்கு அச்சம் நீங்கவில்லை.

சர்க்கார்மீது வழக்குத் தொடுக்க முடியுமா என்ற ஐயம் மட்டும் முன்னதாகவே ஓரளவு தீர்ந்திருந்தது. கல்கத்தா கிட்டர்பூர் கப்பல் பட்டறையின் தொழிலாளர்கள் நீராவிக் கப்பலுக்கான இரும்புப் பாகம் ஒன்றைத் தெருவில் சுமந்து சென்றபோது அதைக் கீழே போட்டுவிட, மிரண்ட குதிரை காயமுற்றது. அதன்பேரில் சர்க்கார்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், 1861-இல், தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீக்காக், தனியார் கம்பெனியும் நடத்தக்கூடிய தொழிலைச் சர்க்கார் நடத்தும்போது அது தனியாரைப் போலவே பொறுப்புடையது என்றார். ஆயினும் வடிவத்தின் பேரில் தப்பிக்க வழி இருந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் 175-ஆம் பிரிவு, சர்க்கார் ஒப்பந்தம் குறிப்பிட்ட பெயரில், உரிய அதிகாரம் பெற்றவர் கையெழுத்தில் இருக்கவேண்டும் என்றது. பண்டகசாலை அதிகாரியின் கடிதத்தை நம்பிச் சரக்கு அனுப்பியவன், அக்கடிதம் ஒப்பந்தமே அன்று என்ற எதிர்வாதத்தைச் சந்திக்க நேரிடலாம்.

டாட்டாவும் தண்டவாளமும்

ரயில்வே போர்டின் தலைவராயிருந்த சர் பிரெடரிக் அப்காட், டாட்டாக்கள் பிரிட்டிஷ் அளவைக்கு ஒத்த தண்டவாளம் செய்தால் அதன் ஒவ்வொரு ராத்தலையும் தாமே தின்றுவிடுவதாகச் சொன்னார் என்ற கதை பெருவழக்கு. அதே சர்க்கார்தான், ஆண்டுக்கு 20,000 டன் தண்டவாளத்தைப் பத்து ஆண்டுகளுக்கு இறக்குமதி விலையில் வாங்குவதாகவும், தரம் அளவைக்கு ஒத்திருக்கவேண்டுமென்றும் அக்கம்பெனிக்கு வாக்களித்தது. 1907-இல் நிறுவப்பட்ட கம்பெனி 1912-இல் உருக்கு வடித்தது. போர்க்காலத்தில் மெசபடோமியாவுக்கு அதன் தண்டவாளங்கள் போயின. நீண்டகால ஒப்பந்தத்தின் கூர்மை பிறகுதான் தெரிந்தது. போருக்குப் பின் நிர்ணய விலைக்கு ஒப்புக்கொண்ட பல்லாண்டு ஒப்பந்தங்கள், உற்பத்திச் செலவு ஏறியபோது கம்பெனியின் கழுத்தை நெரித்தன. சுங்கவரி விதித்தால் வெளிநாட்டு இரும்பின் விலை ஏறுமேயொழிய, ஒப்பந்தத்தில் கட்டுண்ட தண்டவாளத்தின் விலை ஏறாது. ஆகவேதான் 1924-ஆம் ஆண்டு உருக்குத் தொழில் பாதுகாப்புச் சட்டம் தண்டவாளத்துக்கு டன்னுக்கு முறையே 32, 26, 20 ரூபாய் என மூன்று ஆண்டுகளுக்கு நேரடி உதவித்தொகை ஏற்படுத்தியது. ஒரு கையால் வாங்குபவனாகக் கறாராக நின்ற சர்க்கார், மறு கையால் ஆளுவோனாகக் கொடுத்து ஈடுசெய்தது.

எஞ்சின் விஷயத்தில் அந்த மறு கை நீளவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு எஞ்சின் டெண்டர்களை இந்தியாவில் கோருவதாக 1921-இல் சர்க்கார் அறிக்கை விட, அதை நம்பி ஜாம்ஷெட்பூரில் பெனின்சுலர் லோகோமோட்டிவ் கம்பெனி எழுந்தது. டெண்டர் கேட்பது வேறு, ஆர்டர் கொடுப்பது வேறு என்ற பாடத்தை அது விலை கொடுத்துக் கற்றது. 1924-இல் சுங்க வாரியம் போதிய தேவை இல்லையென்று பாதுகாப்பை மறுக்க, 1927-இல் அக்கம்பெனியின் தொழிற்சாலையைச் சர்க்காரே வாங்கிவிட்டது. அஜ்மீர்த் தொழிற்கூடம் 1895-இலும் ஜமால்பூர் 1899-இலும் எஞ்சின் செய்து காட்டியிருந்தும், சுதந்திரத்துக்கு முன் இந்தியாவில் செய்யப்பட்டவை சுமார் 700 மட்டுமே. பிரிட்டனிலிருந்து வந்தவையோ 12,000-க்கும் மேல்.

ஒப்பந்த விவகாரம் சர்க்காரின் உச்சியையே அசைத்ததும் உண்டு. போர்க்கால மியூனிஷன்ஸ் போர்டின் ஒப்பந்தங்கள் தொடர்பான மோசடி வழக்கு ஒன்றை, வர்த்தக உலகில் கலக்கம் விளையும் என்ற காரணம் காட்டி நிறுத்தியதற்காக, தொழில் கமிஷனுக்குத் தலைமை வகித்த அதே சர் தாமஸ் ஹாலண்ட் 1921-இல் வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து விலகவேண்டியதாயிற்று.

மதிப்பீடு

இவற்றை ஆராய்ந்தவர்களின் முடிவுகள் ஒரே திசையில் இல்லை. டேனியல் தோர்னர் 1950-இல் உத்தரவாத முறையையே நோயின் மூலமாகக் கண்டார். பிரெட்ரிக் லேமன் எஞ்சின் வரத்தை ஆராய்ந்து, இந்தியத் தேவை பிரிட்டிஷ் தொழிலுக்குச் சந்தையாக நிறுத்தப்பட்டதை விளக்கினார். அமிய குமார் பாக்சி, சர்க்கார் கொள்முதலின் பட்சபாதம் இந்திய மூலதனத்தின் வளர்ச்சியைத் தடுத்ததென்று வாதித்தார். அதிகாரவர்க்கத்தின் பதிலோ, பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட சாமானில் பரீட்சை செய்து பார்க்க முடியாது, தெரிந்த இடத்தில் வாங்குவதே விவேகம் என்பது. அந்தப் பதிலில் உண்மையே இல்லை என்று தள்ளிவிடலாகாது. உளுத்த ஸ்லீப்பரும் கல் கலந்த கரியும் கற்பனையல்ல. ஆனால் தரத்தில் அத்தனை அக்கறை உள்ளவர்கள், அறுபதாண்டுக் காலம் அந்தத் தரத்தை இந்நாட்டில் நடுநிலையாகச் சோதிக்க ஓர் இடம் ஏற்படுத்தவில்லை என்ற உண்மை, அந்தப் பதிலைப் பெரிதும் பலவீனப்படுத்துகிறது.

உள்நாட்டுச் சரக்குக்கு விலைச் சலுகை கேட்டவர்கள் தேசியவாதிகள். அதை மறுத்தவர்கள் அதிகாரிகள். இருவரும் சலுகையைச் சுற்றியே நெடுநாள் வாதிட்டார்கள். ஆனால் இங்கே பார்த்த விவகாரங்களில், விற்பவனுக்கு நிலையான நன்மை செய்தவை மூன்றே: அலிப்பூரின் பரிசோதனைச் சாலை, கரிக்கு ஏற்பட்ட தரப்பிரிவு வாரியம், 74-ஆம் பிரிவுக்குக் கடைசியில் கிடைத்த சரியான பொருள். மூன்றிலும் காசு ஒன்றும் கைமாறவில்லை. தீர்ப்பு மட்டும் வாங்குபவனின் கையைவிட்டு மூன்றாமவன் கைக்குப் போயிற்று. டெண்டர் ஷரத்துகளில் வாங்கும் அதிகாரியின் முடிவே இறுதியானது என்ற வாசகம் எங்கெங்கு இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறதோ, அங்கெல்லாம் இந்தப் பழைய விவகாரம் முடிந்துவிட்டதாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.